காற்று வழியில் கேட்ட குரல்

தெற்குக் கல்கத்தாவில் நான் கணிதம் கற்பித்த பெண்கள் கல்லூரியில் மின்விசிறி இல்லாமலே வகுப்பு நடத்தலாம். எழுபதுகளில் அது சின்ன விஷயமல்ல. மின்சாரம் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் காற்றைத் தெரிந்தவர். பின்னாலிருந்த குளத்தின் மேல் குளிர்ந்து வரும் காற்று, தரைத்தளத்துப் புத்தக அறைக்குள் நுழையும். அங்கிருந்து சுவருக்குள் வகுப்புக்கு ஒன்றாகக் கிணறுபோல விட்டிருந்த இடைவெளிகளில் ஏறி, மாடி வகுப்புகளில் தரையோரம் பதித்த ஜாலிகள், அதாவது துளைபோட்ட கல்தட்டிகள், வழியாக எங்கள் கால்களைத் தொடும். சூடான காற்று கூரையடித் துவாரங்களில் வெளியேறிவிடும்.

ஒரு சித்திரை மதியம். மின்சாரம் இல்லை. ஜாலியருகே இருந்த பெண்கள் சட்டென்று கால்களை பெஞ்சின் மேல் தூக்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

"தீதி, பூத்! ஏதோ மந்திரம் சொல்லுது!"

பூத்தாவது பேயாவது என்று குனிந்து கேட்டேன். மந்திரமல்ல, தமிழ்.

"சாப்பிட்டியாடா? ஒரே ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போயேன்..."

கல்லூரியில் என்னைத் தவிரத் தமிழ் பேசுபவர் ஒருவர்தான். புத்தக அறையில் கிழிந்த அட்டைகளை ஒட்டும் அக்கா. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் குடியிருந்தார். இரண்டு வருஷம் முன்பு, வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவர் மகன் ஒரு மாலை வெளியே போனவன் திரும்பவில்லை. நக்சலைட் என்று போலீஸ் இளைஞர்களைத் தேடிய அந்த நாட்களில் பல வீடுகளில் அப்படி. அக்கா யார் முன்னாலும் அழுததில்லை. என்னிடம் முருங்கைக்காய் விலையைப் பற்றித்தான் பேசுவார்.

நான் கீழே போகவில்லை. தைரியம் வரவில்லை. அந்தக் குரல் மாணவிகளுக்குக் கேட்காமலிருக்க, பரீட்சை நேரம் என்று காரணம் சொல்லி, பியூனை விட்டு ஜாலியை அட்டை வைத்து அடைத்தேன். அறை கொதித்தது. மூன்றாம் நாள் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். நானே அட்டையைப் பிய்த்தேன். குரல் ஏதும் வரவில்லை. அதுதான் என்னைக் கீழே துரத்தியது.

அக்கா சுவரோரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நீங்க பேசறது மேல கேட்டுது."

சுவரில் காற்று ஏறும் இடைவெளியை நிமிர்ந்து பார்த்தார்.

"காத்த அடைச்சது நீங்களா?"

"ஆமாக்கா."

"அப்படியா. திடீர்னு காத்து நின்னுபோச்சு. நான் சொல்றது அவன்கிட்டப் போய்ச் சேரலேன்னு நெனச்சு நிறுத்திட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன பண்ணுவீங்க, டீச்சர்" என்று பசைக்கிண்ணத்தை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் மாணவிகளுக்கு அந்த வார்த்தைகளை வங்காள மொழியில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி அழுதாள். பிறகு ஒருநாளும் அந்தக் குரல் ஏறி வரவில்லை. மகனும் வரவில்லை. அக்கா ஓய்வுபெறும்வரை அங்கேயே வேலை பார்த்தார்.

குளத்துக் காற்று பலமாக வீசும் மதியங்களில் நான் பாடத்தை நிறுத்திவிட்டு ஜாலிப்பக்கம் காதைக் கொடுத்திருக்கிறேன். பெண்கள் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள்.