இன்னொருக்கா போடுலே

துபாயிலிருக்கும் தம்பி கிறிஸ்துமஸ் வாழ்த்தாக ஒரு விளையாட்டை அனுப்பியிருந்தான். போன் திரையில் வளைந்து போகும் பாதையின் ஓரம் படாமல் நட்சத்திரத்தை விரலால் நகர்த்திக் குடிலில் சேர்க்க வேண்டும். சேரப்போகும் நேரத்தில் திரை முழுக்க ஒரு கோரமுகம் வந்து அலறியது. நானும் அலறினேன். பாளையங்கோட்டை வீட்டில் அதைக் கேட்டுச் சிரிக்க யாருமில்லை.

சிறுவயதில் இதே போன்ற ஒன்றை வள்ளியூர் பிரௌசிங் சென்டரில் தம்பி அப்பாவுக்குக் காட்டினான். கிறிஸ்துமஸ் துணி எடுக்க உவரியிலிருந்து போயிருந்தோம். புதுத்துணியின் கஞ்சி வாசமடிக்கும் பையை மடியில் வைத்துக்கொண்டு, வலைக்கயிறு அறுத்துக் காய்த்த விரல்களால் அப்பா மவுஸைப் பிடித்தார்.

"பைய நகத்துங்கப்பா. கிட்டக்க குனிஞ்சு பாருங்க" என்றான் தம்பி.

முகம் வந்தது. "மாதாவே" என்று கத்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். இருட்டில் தனியாகக் கட்டுமரம் ஏறுகிறவர். சென்டரே சிரித்தது. திட்டுவார் என்று பயந்தோம். அவரோ கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "இன்னொருக்கா போடுலே" என்றார். முகம் வருமென்று தெரிந்தும் மறுமுறையும் என் கையைத்தான் பிடித்தார்.

இப்போது அப்பா இல்லை. தம்பியை அழைத்தேன், எடுக்கவில்லை. விளையாட்டை நானே மறுபடி தொடங்கினேன். அப்பா பிடித்த கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நட்சத்திரத்தைப் பைய நகர்த்தினேன்.