மூன்று விடைகளில் ஒன்று

டாக்டரை நினைத்தால், ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டு என் அண்ணனின் நெஞ்சில் வைத்த அந்தக் காட்சிதான் முதலில் வருகிறது. தொண்ணூறுகளின் தொடக்கம். அண்ணன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில், பஞ்சை அடித்துப் பிரிக்கும் புளோரூமில் வேலை பார்த்தான். விடுமுறை முடிந்து உள்ளே போனதும் நெஞ்சு இறுகி மூச்சு இளைக்கும். அவனைப் போன்ற தொழிலாளிகள் பலரையும் அந்த டாக்டர்தான் பார்த்துவந்தார். அவரைச் சந்தேகிக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். அது தெரிந்து ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். இளைப்புக்கான ஒரு மாத்திரையைப் பற்றிப் பல ஊர்களில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி வைத்திருந்தார். அவற்றை ஒன்றுசேர்த்து, மாத்திரையால் எவ்வளவு பலன் என்று நான் சொல்லவேண்டும். பல மாலைகள் கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். பெரிய ஆய்வுகளுக்குக் கூடுதல் எடை கொடுத்தால் பலன் இருப்பதாகவே தெரியவில்லை. சிறிய ஆய்வுகளையும் ஏறக்குறைய சமமாக மதித்தால் கொஞ்சம் தெரிந்தது. மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டாலோ, அதே மாத்திரை அற்புத மருந்தாகிவிட்டது. மூன்று வழிகளையும் பின்பற்றுகிறவர்கள் அப்போது இருந்தார்கள். அதனால்தான் மூன்று விடைகளையும் சேர்த்தே காட்டவேண்டும் என்று வற்புறுத்திச் சொல்லி, கணக்குத் தாள்களைக் கொடுத்தேன். தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அவர் பேசியதைக் கடைசி வரிசையிலிருந்து கேட்டேன். மூன்றாவது விடை மட்டுமே வந்தது. கணக்கிட்டவர் என்று என் பெயரையும் சொன்னார். கைதட்டினார்கள். வாசலில் மறித்துக் கேட்டேன்.

“தப்பா ஒண்ணும் சொல்லலியேம்மா. நீங்க போட்ட கணக்குதானே அது? மூணையும் சொன்னா எந்த டாக்டர் மாத்திரை எழுதுவாரு?”

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். விடை அவரிடம் முன்பே இருந்திருக்கிறது, என் பெயர் மட்டும்தான் தேவைப்பட்டிருக்கிறது என்பது பஸ்ஸில் திரும்பும்போது உறைத்தது.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போய், அந்த மாத்திரையை நம்பாதே என்றேன். அவன் முகம் மாறியது. தூசியில்லாத ஸ்டோர் வேலைக்கு மாற்றிக்கொள்ள மனுப் போட்டிருந்தவன், மாத்திரையே போதும் என்று டாக்டர் சொன்னதன்பேரில் அதைத் திரும்ப வாங்கியிருக்கிறான். அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

“அவிய ஒண்ணும் கட்டாயப்படுத்தலட்டி. ‘ஒன் தங்கச்சியே கணக்குப் போட்டுப் பாத்திருக்கா’ன்னு சொன்னாவ. பொறவு நான் என்னத்தக் கேக்க?”

இன்னும் சில வருடங்கள் அந்தத் தூசியிலேயே கிடந்து, முடியாமல் போனபின் மில்லை விட்டு நின்றான். இப்போது கடைத்தெருவுக்கு நடந்தால் வழியில் அங்கங்கே நின்று மூச்சு வாங்குகிறான். டாக்டர் இறந்த செய்தி வந்தபோது அவன்தான் மாலை வாங்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“நம்மள மதிச்சுப் பேசுன மனுசன்ட்டி. வா, போயிட்டு வருவோம்.”

நான் போகவில்லை. அவரை டாக்டர் என்று சொல்வதோடு சரி. பெயரைச் சொல்ல இன்றும் எனக்கு வாய் வருவதில்லை.