வருவார் என்று நான் சொன்னேன்

கர்த்தர் சொல்லாத ஒன்றைக் கர்த்தர் சொன்னதாகச் சொன்னேன். அது பொய் என்று தெரிந்த பிறகும் திருத்தாமல் விட்டேன். இதைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

சண்டையால் கிளிநொச்சியை விட்டுச் சனம் இடம்பெயர்ந்த ஆண்டு அது. தர்மபுரத்தில் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டிலில் நான் ஜெபக்கூட்டம் நடத்திவந்தேன். காய்ச்சலும் பசியுமாக இருந்த சனத்தால் கொட்டில் நிரம்பியது. நான் ஜெபித்த சிலருக்குக் காய்ச்சல் விட்டது. பாஸ்டரிடம் வரம் இருக்கிறது என்றார்கள்... நானும் நம்பினேன்!

லெட்சுமி, மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்தவள். விட்டுவந்த நெல்மூட்டையை எடுத்துவர அவள் கணவன் சைக்கிளில் கிளிநொச்சிப் பக்கம் போயிருந்தான். திரும்பவில்லை. மகளைக் கையில் பிடித்தபடி கூட்டத்தின் நடுவே வந்து நின்று அழுதாள்.

அவள் தலையில் கைவைத்து ஜெபித்தேன். எந்தக் குரலும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால், சனம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, உங்கட மனுசன் உயிரோட இருக்கிறார். வருவார். கர்த்தர் எனக்குக் காட்டுறார்."

கொட்டில் முழுவதும் "ஆமென்" என்று முழங்கியது. அந்த முழக்கம் எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா?

சில வாரங்கள் கழிந்தன. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் மாங்குளத்துக்காரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். லெட்சுமியின் கணவனோடு நெல் எடுக்கப் போனவர். வழியில் ஷெல் விழுந்ததாம். உடலை ஒரு வாய்க்கால் கரையில் தானே புதைத்ததாகச் சொன்னார்.

"அந்தப் பிள்ளைக்கு நீங்களே சொல்லுங்கோ பாஸ்டர். எனக்கு வாய் வருதில்லை."

"ஓம், நான் சொல்லுறன்."

சொல்லவில்லை. நாளைக்கு... அடுத்த ஞாயிறு... அவளுடைய விசுவாசம் உடைந்துவிடும் என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். உடையப்போவது என் பெயர் என்று எனக்குத் தெரியாதா?

பிறகு அவளுடைய அண்ணன் வவுனியாவிலிருந்து பாடுபட்டு வந்து சேர்ந்தார். தங்கையைத் தன்னோடு கூட்டிப்போய், அவள் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க விரும்பினார். லெட்சுமி அவரையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"பாஸ்டரய்யா, அண்ணன் கூப்புடுறாரு. நான் போயிட்டா, அவரு வந்து வெறும் வீட்டத்தானே பாப்பாரு? வருவாருதானுங்களே?"

அண்ணன் என் முகத்தையே பார்த்தார். ஒரு சொல் போதுமாயிருந்தது.

"விசுவாசமா இருங்கோ தங்கச்சி" என்றேன்.

அண்ணன் தனியாகத் திரும்பிப் போனார். பிறகு வவுனியாப் பாதை மூடப்பட்டது. மகள் படிப்பை விட்டு, தாயோடு கச்சான் கடலைத் தோட்டங்களில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கினாள். நானோ, அதே வாயால் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்!

ஓராண்டுக்கு மேல் போயிருக்கும். ஒரு மத்தியானம், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே அந்தச் சிறுமி வெயிலில் புல்லுப் பிடுங்குவதைக் கண்டேன். சைக்கிளைத் திருப்பி நேரே லெட்சுமியின் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாங்குளத்துக்காரர் வந்ததையும், நான் மறைத்ததையும், கர்த்தர் எனக்கு ஒன்றுமே காட்டாததையும்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"எந்த வாய்க்காலுங்க?"

எனக்குத் தெரியவில்லை. நான் அந்த மனிதரிடம் கேட்கவேயில்லை. அவர் ஒரு சாவைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் என் பெயரைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். அவரைத் தேடிப் போனேன். மாங்குளமும் அதற்குள் இடம்பெயர்ந்திருந்தது. அவர் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை.

கர்த்தர் மன்னிப்பார் என்று மற்றவர்களுக்குச் சொல்லுகிறேன். எனக்கு அதைச் சொல்லிக்கொள்ளத் துணிவில்லை.

கிளிநொச்சிப் பக்கமிருந்து யார் வந்தாலும் லெட்சுமி ஓடிப்போய் அந்த வாய்க்காலை விசாரித்தாள். என்னிடம் மட்டும் அதன்பிறகு அவள் எதையுமே கேட்டதில்லை.