இரண்டிலும் சேராத கடற்காகம்

மெட்ராஸிலிருந்து வந்தவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவர் தோளில் நீளமான கான்வாஸ் உறை ஒன்று தொங்கியது. குடை என்றுதான் நினைத்தேன். என் கணவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அது கொட இல்ல. துப்பாக்கி."

அவரை வரச் சொல்லி எழுதியதே நான்தான்.

அறுபதுகளின் நடுப்பகுதி. செஞ்சியில் நான் அறிவியல் ஆசிரியை. கணவருக்குக் கடைவீதியில் மளிகைக் கடை. புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றபோது, எண்ணெய் டின் வாங்கப் போனவர் எனக்காக ஒரு பைனாகுலர் வாங்கி வந்திருந்தார். ஒரு பக்கக் கண்ணாடியில் ஓரமாக விரிசல். அதனாலென்ன, விடுமுறை நாளெல்லாம் அனந்தபுரம் சாலையில் இருந்த பெரிய ஏரிக்கரைதான் எனக்கு.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து ஏரி தளும்பியது. கடலை விட்டு இவ்வளவு தூரம் தள்ளி வராத கடற்காகங்கள் கூட்டமாக வந்து இறங்கின. இரண்டு சாதி. ஒன்றுக்குப் பழுப்புத் தலை, மற்றதற்குக் கருந்தலை என்று புத்தகம் சொல்லும். ஆனால் குளிர்காலத்தில் இரண்டுக்குமே தலை வெளுத்து, காதோரம் ஒரு கறை மட்டும் மிஞ்சும். பெயரை வைத்து ஒன்றும் பிரிக்க முடியாது. கண்ணையும் இறகு நுனியையும் பார்க்க வேண்டும். பழுப்புத் தலைக்கு வெளிறிய கண். கறுத்த இறகு நுனியில் பளிச்சென்று வெள்ளைப் புள்ளி. கருந்தலைக்குக் கறுத்த கண். புள்ளி கிடையாது, சிறகின் முன்விளிம்பு நெடுக வெள்ளை.

ஒரு பறவை மட்டும் இரண்டிலும் சேரவில்லை. கண் கறுப்பு. ஆனால் இறகு நுனியில் புள்ளி இருந்தது, அரிசி மணி அளவுக்கு. உடம்பு பழுப்புத் தலை அளவுக்குப் பெரிது. இரண்டு சாதியும் கலந்து பிறந்ததாக இருக்குமோ என்று, பறவைகளைப் பற்றி நன்கு தெரிந்தவர் என்று கேள்விப்பட்ட அந்த மெட்ராஸ்காரருக்கு எழுதினேன். பார்க்க வருவார் என்று நினைத்தேனே தவிர, சுட வருவார் என்று தோன்றவில்லை.

மூவரும் ஏரிக்கு நடக்கும்போது கேட்டேவிட்டேன். "சார், துப்பாக்கி எதுக்கு?"

"ஸ்பெசிமன் வேணும்மா. கையில எடுத்து அளந்து, தோலைப் பாடம் பண்ணி வெச்சாத்தான் நாலு பேர் நம்புவாங்க. தூரத்துல பார்த்தேன்னு சொன்னா கலப்புன்னு யார் ஒத்துக்குவா?"

அவர் கெட்டவர் இல்லை. அந்தக் காலத்தில் அதுதான் முறை. எனக்குத்தான் ஏன் எழுதினோம் என்றிருந்தது.

கரைச்சரிவில் கருவேல மர நிழலில் உட்கார்ந்தோம். நீர் நடுவே மண் திட்டில் கூட்டம் இருந்தது. அந்தப் பறவை இந்தப் பக்கமாகவே நின்றது. நான் காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"அதானே?"

தலையசைத்தேன். அவர் துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு தோட்டாக்களைப் போட்டு மூடினார். அந்தச் சத்தத்தில் என் கணவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"சார், அக்கரையில ஆளுங்க நடவு நட்டுக்கினு இருக்குறாங்க."

"தோட்டா ரவை அவ்வளவு தூரம் போகாது. உட்காருங்க. பறக்கும்போதுதான் சுடுவேன்."

சிக்கலே அதுதான். பறந்தால்தான் சிறகு விரியும், எனக்கு நுனி தெரியும். பறந்தால்தான் அவருக்கும் குறி கிடைக்கும். பறக்காதே என்று வேண்டிக்கொண்டே பறக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வியர்வையில் பைனாகுலர் வழுக்கியது.

திடீரென்று கோரைப்புல் பக்கமிருந்து ஒரு பருந்து தாழப் பறந்து வந்தது. கூட்டம் முழுவதும் அலறிக்கொண்டு எழுந்தது. அவர் துப்பாக்கியைத் தோளில் வைத்தார்.

நான் பைனாகுலரில் அந்தப் பறவையைப் பிடித்துக்கொண்டேன். அரிசி மணிப் புள்ளி தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று: உடம்பு அதே அளவு, இறகு நுனியில் புள்ளியே இல்லை, வால் ஓரத்தில் கறுப்புப் பட்டை, முதுகில் பழுப்பு. குஞ்சு. அதற்கும் பின்னால் முழுப்புள்ளியோடு வளர்ந்த பறவை. மூன்றும் வரிசையாகப் போயின. பள்ளியில் எட்டாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதுபோல.

"சுடாதீங்க சார்! கலப்பு இல்ல. வயசு!"

துப்பாக்கி முனை பறவையோடு நகர்ந்துகொண்டே இருந்தது. "என்ன வயசு?"

"பழுப்புத் தலைதான் சார். இன்னும் முழுசா வளரல. பின்னாடி வர்ற குஞ்சைப் பாருங்க, புள்ளியே இல்ல. வளர வளரப் புள்ளி பெருசாகுது, கண்ணும் அப்பதான் வெளுக்கும்."

"பறவையைக் காப்பாத்தறதுக்குச் சொல்றீங்க."

காப்பாற்றத்தான் துடித்தேன், கண்டதும் உண்மைதான். கூட்டம் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் எங்கள் பக்கமே திரும்பியது. அவர் விரல் விசையில் இருந்தது.

என் கணவர் அவர் முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினார். "சார், துப்பாக்கிய என்கிட்ட குடுங்க. நான் புடிச்சிக்கினு இருக்கறேன். நீங்க அந்தக் கண்ணாடியில ஒரு தபா பார்த்துடுங்க. அப்புறம் இன்னா வேணா செய்யுங்க."

அவர் என் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முனையை வானத்துக்குத் திருப்பி, துப்பாக்கியை அவரிடம் கொடுத்துவிட்டு, பைனாகுலரை வாங்கிக்கொண்டார். பருந்து போய்விட்டது. பறவைகள் ஒவ்வொன்றாகத் திட்டில் இறங்கின. அந்தப் பறவை இறங்கியதும் சிறகைத் தூக்கி நீட்டி, வாலை விரித்து உதறியது. அவர் விரிசல் இல்லாத பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"வால்ல ரெண்டு எறகுல கறை இருக்கு" என்றார் கடைசியில். "குஞ்சுப் பட்டையோட மிச்சம். ரெண்டாம் வருஷப் பறவை." பைனாகுலரை இறக்கினார். "இதுக்கா என்னை வரவெச்சீங்க?"

முகம் எரிந்தது எனக்கு. அவமானமும் நிம்மதியும் ஒன்றாக வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். "மன்னிச்சிடுங்க சார். இதுவரைக்கும் மூணையும் சேர்த்துப் பாக்கல" என்றேன்.

"வந்ததுக்கு ஒண்ணை எடுத்துக்கிட்டாலும்..." என்று அவர் கையை நீட்டினார்.

என் கணவர் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. நல்ல பாம்பைப் பிடித்தவர்போல விறைத்து நின்றார். "மொதல்ல தோட்டாவ கழட்டிடுங்க சார். கை நடுங்குது, எங்கனா வெடிச்சிடப் போவுது."

மெட்ராஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாங்கி, மடக்கித் திறந்து தோட்டாக்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திரும்பி நடக்கும்போது கோபம் பாதி இறங்கியிருந்தது. கலப்புப் பறவை இல்லவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஆனால் முதலில் வயதைக் கேளுங்கள் என்றார். கேட்டுக்கொண்டேன்.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டுக் கடைக்கு வந்தோம். பூட்டிய கடை முன்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். கணவர் பலகைகளைக் கழற்றி, ஒருவருக்குத் துவரம்பருப்பு நிறுக்க ஆரம்பித்தார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

"இன்னா, டீ சொல்லட்டுமா?" என்றார், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சொல்லுங்க" என்றேன்.