நிறுத்தின இடம்

டிவிடி பிளேயர் ரிப்பேர் தொழில்ல கை வேலை பாதி, கொண்டு வர்றவங்க கதையைக் கேக்கிற வேலை பாதி. இந்தக் காலத்திலயும் உடும்பஞ்சோலையில அந்தக் கடையைத் திறந்து வச்சிருக்கேன் பாருங்க, என் தலையெழுத்து! பழைய பெட்டியோட மல்லுக்கட்டுறவங்களுக்கு என் பாடு புரியும்.

லென்ஸ்

டிஸ்க்கைப் படிக்கிறது பயறு அளவு லென்ஸ். நம்ம மலையில மூடுபனியும் அடுப்புப் புகையும் அதுல படலம் கட்டிரும். டிஸ்க் சும்மா சுத்தும், படம் வராது. பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு மெல்லத் துடைக்கணும். ஏலத்தோட்டத்து ராசையா அவராவே துடைச்சுட்டுக் கொண்டு வந்தாரு. திறந்தா பிசுபிசுன்னு ஒட்டுது. என்னய்யா பண்ணுனீருன்னு கத்துனேன்.

"கலப்படம் இல்ல அண்ணாச்சி, செக்குல ஆட்டுன தேங்காயெண்ணெய்."

ஞாபகம்

சில பிளேயர்ல ஒரு வசதி உண்டு. பாதியில நிறுத்திட்டுக் கரண்டைப் பிடுங்கினாலும், மறுநாள் அதே இடத்துல இருந்து ஓடும். ஆனா கடைசியாப் போட்ட ஒரே டிஸ்க்குக்குத்தான். வேற டிஸ்க் போட்டா பழைய இடம் அழிஞ்சிரும்.

எஸ்டேட்டுல கொழுந்து பறிக்கிற செல்வமேரி அப்படி ஒண்ணைத் துணியில சுத்திக் கொண்டு வந்தா. புருஷன் அந்தோணி, மக கல்யாண டிஸ்க்கை தினமும் கொஞ்சம் பாப்பாராம். ஒருநாள் "மிச்சத்தை நாளைக்குப் பாப்போம்"னு நிறுத்தினவரு, விடியக்காலையில நெஞ்சுவலியில போயிட்டாரு. அவரோட முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு இவ போட்டா படம் வரல.

"அவரு நிறுத்துன இடத்துல இருந்து மிச்சத்தை நான் பாக்கணும் அண்ணாச்சி. அது மட்டும் போயிரக்கூடாது."

டெஸ்ட் டிஸ்க்

லென்ஸைத் துடைச்சேன். அப்புறம் நாம என்ன பண்ணுவோம்? இருபது வருஷப் பழக்கம். கை தானா மேசைமேல கிடந்த டெஸ்ட் டிஸ்க்கை எடுத்து உள்ள தள்ளிருச்சு. படம் பளிச்சுன்னு வந்த பிறகுதான் உறைச்சுது. அடப்பாவி! அந்தோணி நிறுத்தின இடம் அழிஞ்சு போச்சு.

சொல்லத் தைரியம் வரல. பிளேயரோட அவ கொண்டு வந்த கல்யாண டிஸ்க்கைப் போட்டு, ஒரு தகப்பனுக்குப் பிடிச்ச இடம் எதுவா இருக்கும்னு தேடினேன். கோயில்ல அந்தோணி மகளைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போறாரு. அங்க நிறுத்தி வச்சேன்.

செல்வமேரி வந்து கடையிலயே போட்டுப் பாத்தா. அவளே பிளேயரை அணைச்சு, திரும்பத் துணியில சுத்தினா.

"இந்த இடம் வந்தா அழுகை வந்துரும்னு எந்திரிச்சு வெளிய போயிருவாரு அண்ணாச்சி. இங்க அவரு ஒருநாளும் நிறுத்தினதில்ல."

அந்த டெஸ்ட் டிஸ்க்கை அன்னைக்கே உடைச்சுப் போட்டுட்டேன். அதுக்கப்புறம் பிளேயரைத் தூக்கிக்கிட்டு யாரும் வரவும் இல்லை.