தோளை விடாதவன்

கழுத்துவலிக்காக ஒரு வாரம் சாயங்காலங்களில் ராஜகீழ்ப்பாக்கத்தில் பிசியோதெரபிக்குப் போனேன். சிகிச்சை தரும் பெண், பிடரியில் கட்டைவிரலை அழுத்தியபடி, "தோளை லூஸா விடுங்க சார்" என்பார்.

"விட்டுட்டேன்மா."

"எங்க விட்டீங்க? கல்லு மாதிரி இருக்கு."

நான்காம் நாள், "காலைல டிரெயின்ல சீட் கிடைச்சுதா சார்?" என்று கேட்டார். அவ்வளவுதான். தாம்பரத்தில் வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியே கைக்குட்டையைப் போட்டு மூன்று பேருக்கு இடம்பிடித்தவனைத் திட்ட ஆரம்பித்தேன். அவன் பரம்பரையையும் விட்டுவைக்கவில்லை. நடுவில் கழுத்து இளகி, சுகமாகக் கண் சொருகியது.

"திட்டும்போதுதான் சார் தோளை மறக்குறீங்க" என்று அவர் சிரித்தார்.

மறுநாள் காலை ஜன்னலோர இடமே கிடைத்தது. உட்கார்ந்ததும் கவலை வந்துவிட்டது: சாயங்காலம் யாரைத் திட்டுவது?