தாடையில் இரண்டு விரல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுக ஊரில், என் சொந்த வீட்டில், ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில். நான் குடித்திருக்கவில்லை. பேய், பிசாசு என்றால் சிரிக்கிற ரகம் நான். முப்பது வருடமாக மனிதர்களின் முகங்களைப் படமெடுத்தே பிழைத்தவள். பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள லண்டன் புகைப்படச் சங்கம் கொடுத்த பட்டம்கூட இருக்கிறது. ஒரு படத்தை நீட்டினால் போதும், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, எடுத்தவர் எங்கே கோட்டை விட்டார் என்று சொல்லிவிடுவேன். இந்த ஆறு படங்களைப் பற்றி மட்டும் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

என் கணவன் லென் மீன்பிடிக் கப்பலில் இருந்தவன். நுரையீரல் போய்விட்டது. ஈஸ்டர் வரை தாங்க மாட்டான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஊரில் இருக்கிற மணப்பெண்களையெல்லாம் படமெடுத்த நான், அவனை உருப்படியாக ஒரு படம் எடுத்ததில்லை. கேமராவை நீட்டினாலே கண்ணை இறுக மூடிக்கொண்டு கோணங்கித்தனம் செய்வான். எனக்கு ஒரே ஒரு படம் வேண்டியிருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிற லென். அவ்வளவுதான்.

அதற்காகப் பழைய மரக் கேமராவை இறக்கினேன். அதில் ஃபிலிம் சுருளாக வராது, தனித்தனித் தாள். ஒரு தட்டைச் சட்டத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தாள் போட்டு, மேலே தகடு செருகி மூட வேண்டும். தகட்டின் வெள்ளை விளிம்பு தெரிந்தால் இன்னும் எடுக்கவில்லை என்று அர்த்தம். எடுத்ததும் தகட்டைத் திருப்பி, கறுப்பு விளிம்பு தெரியும்படி செருக வேண்டும். மறந்தால் ஒரே தாளில் இரண்டு படம் விழும். தொழிலுக்கு வந்த புதிதில் எல்லோரும் ஒரு முறையாவது செய்து திட்டு வாங்குகிற தப்பு அது.

என்னுடைய சட்டங்களில் வெளிச்சம் கசிந்தது. பழைய கேமரா கடை வைத்திருக்கும் மால்கம் நான்கு சட்டங்கள் இரவல் கொடுத்தார். இறந்துபோன ஓர் அம்மாளுடையவை என்றார். மூன்றில் புது ஃபிலிம் போட்டேன். மொத்தம் ஆறு தாள். நான்காவதைக் காலியாகவே, வெள்ளை விளிம்பு தெரிய, ஜன்னலோரம் வைத்தேன்.

பிற்பகல் இரண்டு இருபது. லென் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தான். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, அவன் முகம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏய் பெரில், தாடையைத் திருப்பாதேடி. என்ன கை இது, ஐஸ்ல கெடந்த மீனாட்டம்!”

நான் துணிக்குள் இருந்தேன். அவனுக்கும் எனக்கும் நடுவில் ஆறடி தூரம்.

“நான் இங்க இருக்கேன், லென்.”

“அப்ப யாரு தொட்டது? உங்க அம்மாவா?”

சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. வலி மாத்திரையின் வேலை என்று நினைத்துக்கொண்டேன். துணியை விலக்கிவிட்டு, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஆறு தாள்களையும் எடுத்து முடித்தேன். ஆறு முறையும் அவன் கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. கோணங்கித்தனமே இல்லை. என்னையே பார்த்தான். எனக்கு அழுகை முட்டியது.

டீ போடச் சமையலறைக்குப் போனேன். கெட்டில் இன்னும் கொதிக்கவில்லை. முன்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

ச்சிக்…

கேமரா ஷட்டர். முப்பது வருடம் கேட்ட சத்தம் எனக்குத் தப்பாது.

“திரும்பத் துணிக்குள்ள பூந்துட்டியா? இன்னொண்ணா?” லென்னின் குரல் கேட்டது. “ஆறுன்னுதானே சொன்ன? சரி, இதுல நல்லா முழிச்சே பார்த்தேன். போதும்டி, கண்ணு எரியுது.”

ஓடினேன். கேமராவுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. கறுப்புத் துணி மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது.

ஜன்னலோரம் இருந்த காலிச் சட்டத்தைப் பார்த்தேன்.

கறுப்பு விளிம்பு தெரிந்தது.

நான்தான் ஞாபக மறதியாகத் திருப்பியிருப்பேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். வேறு என்ன நினைப்பது?

நான்கு பத்துக்கெல்லாம் வெளியே இருட்டிவிட்டது. மாடியில் என் இருட்டறைக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டேன். விளக்கை அணைத்தேன். இந்த வேலைக்குச் சிவப்பு விளக்குகூடக் கூடாது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். மூன்று சட்டங்களிலிருந்தும் தாள்களை உருவி, படம் கழுவும் மருந்துத் தட்டில் அமிழ்த்தினேன். அடித் தாளை எடுத்து மேலே வைக்க வேண்டும். பிறகு அடுத்த அடித் தாள். விரல்தான் கண்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு.

ஏழு.

திரும்பவும் எண்ணினேன். மெதுவாக.

ஏழு…

கீழே லென் இருமினான். கடிகாரம் டிக், டிக் என்றது. தாழ் விலகிய சத்தம் கேட்கவில்லை… கதவு திறந்து வெளிச்சமும் வரவில்லை.

தட்டில் மருந்து சலசலத்தது. நான் கையை அசைக்கவில்லை.

அடியிலிருந்து ஒரு தாள் நழுவியது. மெல்ல… யாரோ உருவுவதுபோல.

பிடிக்கப் போனேன்.

இரண்டு விரல்கள் பட்டன.

ஐஸ்.

நான் கத்தவில்லை. கையை எடுத்தால் படங்கள் போய்விடும் என்ற ஒரே பயம். லென் இன்னொரு முறை நாற்காலியில் உட்காரப் போவதில்லை. மிச்சமிருந்ததை அள்ளி அடுத்த தட்டில் போட்டேன். எண்ணினேன். ஆறு.

விளக்கைப் போட்டேன். நெகடிவ்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன்.

ஆறிலும் லென் கண்ணை மூடியிருந்தான். கோணங்கித்தனத்துக்காக இறுக மூடிய கண் இல்லை. தளர்ந்து மூடிய கண். ஆறிலும் அவன் தாடைக்குக் கீழே, முகம் அண்ணாந்திருக்கும்படி அதை ஏந்திக்கொண்டு, இரண்டு விரல்கள். மணிக்கட்டுக்கு மேலே ஒன்றுமில்லை. ஒரே தாளில் இரண்டு படம் விழுந்துவிட்டதோ என்று எனக்குத் தெரிந்த வழியிலெல்லாம் பார்த்தேன். இல்லை. புது ஃபிலிம். நானே பிரித்துப் போட்டது.

கீழே போனேன்.

“எப்படி வந்திருக்கேன்?” என்றான் லென்.

“அழகா வந்திருக்க.”

அன்று இரவே மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வரவில்லை. கடைசியாக அவனைப் பார்த்தபோது, வாய் திறந்துகொள்ளாமல் இருக்க, தாடைக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருந்தார்கள். தலை அண்ணாந்திருந்தது. என் ஆறு படங்களிலும் இருந்த அதே முகம்.

அடக்கம் முடிந்து, சட்டங்களைத் திருப்பிக் கொடுக்க மால்கம் கடைக்குப் போனேன். யாருடையவை என்று கேட்டேன்.

“மிஸ் டாலிவர்னு ஒரு அம்மா. ஆஸ்பத்திரி போட்டோகிராஃபர். பிணவறையிலதான் வேலை. குடும்பத்துக்குக் கடைசியா ஒரு ஞாபகம் வேணும்ல? வாய் தொங்கிடும்னு, ரெண்டு விரலால தாடையைத் தாங்கிப் புடிச்சுக்கிட்டே எடுப்பாங்களாம். உயிரோட இருக்கிற ஆளை அவங்க எடுத்ததே கிடையாது, பெரில்.”

மால்கம் சட்டங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே சொன்னார்.

“ஒரு வினோதப் பழக்கம் வேற. ஒரு ஆளுக்கு எப்பவும் ஏழு எடுப்பாங்க. ஆறு குடும்பத்துக்கு. ஏழாவது தனக்கு. அவங்க வீட்டைக் காலி பண்ணப்ப தலைகீழாத் தேடினோம். அந்த ஏழாவதுல ஒண்ணுகூடக் கிடைக்கல.”

ஆறு நெகடிவ்களும் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கின்றன. நான் அவற்றை அச்சுப் போடவில்லை. அவை எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது அந்த இன்னொன்று. அதில் நன்றாக முழித்துப் பார்த்ததாக அவனே சொன்னான்.

நான்தான் எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பார்த்திருக்கிறான்.